பாரம் நிற்கும் இடம்

நெடுஞ்சாலையில் செல்லும்போது இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். முன்னால் ஒரு லாரி. அதன் பின்னால் ஒரு தாழ்வான டிரெய்லர். டிரெய்லரின் மேல் சங்கிலிகளால் கட்டப்பட்ட ஒரு டிராக்டர். வயலை உழுது, வண்டியை இழுத்துப் பழகிய இயந்திரம், இங்கே தானே ஒரு சுமையாக அமர்ந்து போகிறது. பார்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "இது எத்தனை டன் இருக்கும்?" என்பதுதான். இயற்பியல் படிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அந்தப் பாரம் எந்த இடத்தில் நிற்கிறது?"

ஒரே லாரி, ஒரே டிரெய்லர், ஒரே டிராக்டர், ஒரே சாலை என்று வைத்துக்கொள்வோம். டிராக்டர் நிற்கும் இடம் அரை மீட்டர் மாறினால் போதும். அமைதியாகச் செல்ல வேண்டிய பயணம் ஆபத்தில் முடியலாம். எடை மாறவில்லை; இடம்தான் மாறியது. இந்த அரை மீட்டரின் முக்கியத்துவத்தை மனிதன் எவ்வாறு அறிந்தான்? அந்த வரலாற்றையும் அதனுள் இருக்கும் இயற்பியலையும் இக்கட்டுரையில் காண்போம்.

வண்டிக்காரரின் அறிவு

இரண்டு சக்கர மாட்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பியல் நோக்கில் அது ஓர் ஒற்றை அச்சு டிரெய்லர்தான். ஏர்க்கால் அதன் இணைப்புத் தண்டு. நுகத்தடி அதன் இணைப்புக் கொக்கி. வண்டியில் மூட்டைகளை அடுக்கியதும் வண்டிக்காரர் ஏர்க்காலைத் தூக்கிப் பார்ப்பார். "முன்பாரம் அதிகம்" என்றோ, "பின்பாரமாக இருக்கிறது" என்றோ சொல்லி, இரண்டு மூட்டைகளை இடம் மாற்றி வைப்பார்.

முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டுக்கும் இடையே, கழுத்தில் சிறிதளவு பாரம் தங்கும் நிலையே நல்லது. மேட்டில் ஏறும்போது வண்டியில் இருப்பவர்களை முன்னால் நகர்ந்து உட்காரச் சொல்வதும் இதனால்தான். சுமையின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. வண்டி பின்பக்கம் சாயும்போது அது அச்சைக் கடந்து பின்னால் செல்லப் பார்க்கும். முன்னால் நகர்ந்து உட்காருபவர் தம் உடல் எடையால் அதை முன்னுக்குக் கொண்டுவருகிறார்.

கை அறிந்த இந்த உண்மையைக் கணிதமாக்கியவர்களில் முதன்மையானவர் ஆர்க்கிமிடிஸ். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சைரகியூஸ் நகரில் வாழ்ந்த அவர், தளங்களின் சமநிலை பற்றி எழுதிய நூலில் நெம்புகோல் விதியை நிறுவினார். எடையையும் தாங்குபுள்ளியிலிருந்து அதன் தொலைவையும் பெருக்கினால் வருவதை நாம் இன்று திருப்புத்திறன் என்கிறோம். இரு பக்கத்துத் திருப்புத்திறன்களும் சமமானால் நெம்புகோல் சமநிலையில் நிற்கும். ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் இருப்பதாகக் கொள்ளலாம் என்பதும் அந்நூலின் அடிப்படை. அப்புள்ளியே ஈர்ப்பு மையம். டிரெய்லரில் பாரத்தை நிறுத்துவதற்கான முதல் பாடம் இவ்வளவே. ஆனால் பாரம் பெரிதானபோது, விதியை அறிந்திருந்தும் மனிதர்கள் தடுமாறியதுண்டு.

இடிப்பாறையின் பயணம்

ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மாமன்னர் பீட்டரின் சிலையை நிறுவ விரும்பினார். பிரெஞ்சுச் சிற்பி ஃபால்கோனே, குதிரைமேல் அமர்ந்த மன்னரை ஒரே பாறையின்மேல் நிறுத்தத் திட்டமிட்டார். 1768-இல் நகருக்கு அப்பால் லாக்தா என்னும் இடத்தில், சதுப்பு நிலத்தில் பாதி புதைந்து கிடந்த பெரும்பாறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதை மக்கள் இடிப்பாறை என்று அழைத்தனர். கொண்டு செல்லப்பட்டபோது அதன் எடை சுமார் 1,250 டன் என்று மதிப்பிடப்படுகிறது.

இதை நகர்த்தும் பொறுப்பை ஏற்றவர் கிரேக்கரான மரீனோஸ் கார்பூரி. மரச் சட்டத்தின்மேல் பாறையை ஏற்றி, சட்டத்தின் அடியிலும் தரையில் இட்ட தண்டவாளத்திலும் நீண்ட பள்ளங்களை அமைத்தார். அப்பள்ளங்களுக்கு உலோகத் தகடு வேய்ந்து, நடுவே வெண்கல உருண்டைகளை வைத்தார். சறுக்கு உராய்வு உருளும் உராய்வாக மாறியது. இன்றைய பால் பேரிங்கின் முன்னோடி என்று இதைச் சொல்லலாம். நிலம் உறைந்து இறுகும் குளிர்காலத்துக்காகக் காத்திருந்து, நூற்றுக்கணக்கானோர் சுழல் உருளைகளைச் சுற்றி வடங்களை இழுக்க, 1769-70 குளிர்காலத்தில் பாறை மெல்ல மெல்லக் கடற்கரை நோக்கி நகர்ந்தது. கடந்து போன தண்டவாளத்தைப் பெயர்த்து முன்னால் கொண்டுவந்து போட்டார்கள். தரை வழி ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் மட்டுமே. அதைக் கடக்க மாதக்கணக்கு ஆயிற்று.

நம் கதைக்கு முக்கியமானது அதன் பிறகு நடந்தது. பாறையை ஏற்றுவதற்காகவே ஒரு பெரிய தெப்பப்படகைக் கட்டியிருந்தனர். ஏற்றும்போது அது ஆடாமல் இருக்க, உள்ளே நீரைவிட்டு அதைத் தரையில் அமர வைத்தனர். பாறை அதன் நடுவே வந்து நின்றது. பிறகு நீரை இறைத்து வெளியேற்றியபோது படகு முழுவதும் சேர்ந்து எழவில்லை. முன்முனையும் பின்முனையும் மேலே எழுந்தன. பாறை நின்ற நடுப்பகுதி மட்டும் அடியில் அழுந்திக் கிடந்தது. பலகைகள் வளைந்தன, இணைப்புகள் விரிந்து நீர் உள்ளே வரத் தொடங்கியது.

மொத்த எடையைத் தாங்கும் மிதப்பு விசை அப்படகுக்கு இருந்தது. பாறையும் படகின் நடுவில்தான் நின்றது. ஆகவே முன்பாரமும் இல்லை, பின்பாரமும் இல்லை. பிறகு எங்கே பிழை? நீரின் மேல்நோக்கு விசை படகின் முழு நீளத்திலும் பரவியிருந்தது. பாறையின் கீழ்நோக்கு விசையோ நடுவில் மட்டும் குவிந்திருந்தது. இரண்டுக்கும் இடையே படகு ஒரு வில்லாக வளைந்தது. கார்பூரி பாறையை மீண்டும் உயர்த்தி, அதன் எடை முனைகளை நோக்கிப் பரவும்படி வலிய மரத்தாங்கிகளைப் பொருத்தினார். இம்முறை படகு ஒன்றாக எழுந்தது. இருபுறமும் கப்பல்கள் அணைத்துச் செல்ல, 1770 இலையுதிர் காலத்தில் பாறை நகரை அடைந்தது. சிலை 1782-இல் திறந்து வைக்கப்பட்டது.

பாரத்தின் மையம் சரியான இடத்தில் இருந்தால் மட்டும் போதாது. பாரம் சரியாகப் பரவியும் இருக்க வேண்டும் என்பது இடிப்பாறை தந்த இரண்டாம் பாடம். பெரிய டிரெய்லர்களில் இத்தனை சக்கரங்கள் ஏன் என்று நீங்கள் வியந்திருந்தால், அதற்கான விடையும் இதுவே.

ஐந்தாம் சக்கரம்

குதிரை வண்டிகளின் காலத்தில், நான்கு சக்கர வண்டி எளிதாகத் திரும்புவதற்காக அதன் முன் அச்சின்மேல் கிடைமட்டமாக ஒரு வட்ட வளையத்தைப் பொருத்தினார்கள். நான்கு சக்கரங்களோடு இன்னொரு சக்கரம் படுத்திருப்பதுபோல் தோன்றியதால் அதற்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர் வந்தது. மோட்டார் லாரிகள் வந்தபின் அந்தப் பெயர் ஒரு புதிய பொருளைப் பெற்றது.

1914-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சிப்லி என்ற மர வியாபாரி, தம் படகை ஏரிக்கரைக்குக் கொண்டு செல்ல விரும்பினார். ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் சென்று, தம்முடைய ஃபோர்டு மாடல் டி மோட்டார் வண்டியால் இழுக்கும்படியாக ஏதாவது செய்து தரக் கேட்டார். ஃப்ரூஹாஃப் செய்து கொடுத்த வண்டிக்குப் பின்னால் மட்டுமே சக்கரங்கள் இருந்தன. அதன் முன்பகுதி மோட்டார் வண்டியின் மேலேயே அமர்ந்தது. தனக்கென முன்சக்கரம் இல்லாததால் அது அரை டிரெய்லர் எனப்பட்டது. படகுக்குப் பயன்பட்ட வண்டி மரம் ஏற்றவும் பயன்பட்டது. மேலும் பலர் கேட்டு வரவே, 1918-இல் ஃப்ரூஹாஃப் ஒரு நிறுவனத்தையே தொடங்கினார். குதிரை தன் முதுகில் சுமப்பதைவிட அதிகமாக இழுக்கும், மோட்டார் வண்டியும் அப்படியே என்பது அவர் வாடிக்கையாளர்களிடம் எடுத்துரைத்த வாதம்.

ஏறக்குறைய அதே காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நாக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் மார்ட்டின், மேடு பள்ளங்களில் முன்னும் பின்னும் சாய்ந்து கொடுக்கும் ஐந்தாம் சக்கரம் ஒன்றை உருவாக்கினார். அதன் வழிவந்த இரும்புத் தட்டைத்தான் இன்றும் கொள்கலன் லாரிகளின் முதுகில், கிரீஸ் பூசிய கறுப்பு வட்டமாகக் காண்கிறீர்கள்.

இந்த அமைப்பின் சிறப்பு என்ன? இழுவை வண்டி ஒரு பாரத்தை இழுக்க வேண்டுமானால் அதன் சக்கரங்கள் தரையைப் பற்ற வேண்டும். பற்றுதல் உராய்வைப் பொறுத்தது. உராய்வு சக்கரத்தின்மீது அமரும் எடையைப் பொறுத்தது. அரை டிரெய்லர் தன் சுமையில் ஒரு பங்கை இழுவை வண்டியின் பின்சக்கரங்களின்மேல் வைக்கிறது. அதாவது, இழுக்கப்படும் பாரமே இழுப்பதற்கான பிடிப்பையும் தருகிறது. ஆனால் அந்தத் தட்டு பின் அச்சுக்கு நேர்மேலோ, சற்று முன்னாலோ இருக்க வேண்டும். பின்னால் தள்ளிப்போனால் பின் அச்சே தாங்குபுள்ளியாகி, முன்சக்கரங்கள் தரையிலிருந்து எழப் பார்க்கும். ஆர்க்கிமிடிசின் நெம்புகோல் இங்கும் விட்டுவிடவில்லை.

நூறு டன் வண்டியும் பாலைவன டாங்கிகளும்

1929-இல் இங்கிலாந்தின் ஸ்காமல் நிறுவனம் நூறு டன் பாரம் ஏற்றும் சாலை வண்டி ஒன்றை உருவாக்கியது. இவ்வகையில் இரண்டே இரண்டு வண்டிகள் கட்டப்பட்டன. ரயில் எஞ்சின்களைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வது அதன் வேலைகளில் ஒன்று. மிக நீளமான வண்டியாதலால், அதன் பின் சக்கரத் தொகுதியைத் திருப்புவதற்குத் தனியாக ஓர் ஆள் பின்னால் அமர்ந்திருப்பார். முன்னால் இருக்கும் ஓட்டுநரும் அவரும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். நூறு டன் பாரத்தின் முன்பகுதியும் பின்பகுதியும் ஒரே வளைவில் சேர்ந்து செல்ல, இரண்டு மூளைகள் வேண்டியிருந்தன.

இரண்டாம் உலகப் போர் இக்கலையை விரைவுபடுத்தியது. போர் டாங்கி என்பது ஒருவகையில் இரும்புப் பட்டையில் ஓடும் கனத்த டிராக்டர்தான். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நெடுந்தொலைவு தானே ஓடினால், போர்க்களம் சேர்வதற்குள் அதன் பட்டைகளும் எஞ்சினும் தேய்ந்துவிடும். எனவே டாங்கிகளை டிரெய்லரில் ஏற்றிச் செல்வது இன்றியமையாததாயிற்று. பிரிட்டனின் தேவைக்காக அமெரிக்காவில் 1941 முதல் தயாரிக்கப்பட்ட டயமண்ட் டி என்ற இழுவை லாரி இதற்குப் புகழ்பெற்றது. சுமார் 200 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சினுடன், 24 சக்கரங்கள் கொண்ட டிரெய்லரை அது இழுத்தது.

அந்த லாரியின் பின்பகுதியில் ஒரு குட்டையான பெட்டி இருந்தது. அதில் சரக்கு ஏற்றுவதில்லை, எடைக்கட்டிகளை ஏற்றினார்கள். வெறும் எடையை எதற்காகச் சுமக்க வேண்டும்? அந்த டிரெய்லர் அரை டிரெய்லர் அன்று. முன்னும் பின்னும் சொந்தச் சக்கரங்கள் கொண்ட முழு டிரெய்லர். அது இழுவை லாரியின்மேல் எடை எதையும் வைப்பதில்லை. பிடிப்புக்குத் தேவையான எடையை லாரி தானே சுமந்து செல்ல வேண்டியிருந்தது. மேற்சொன்ன அரை டிரெய்லரின் விதியை இது மறுபக்கத்திலிருந்து மெய்ப்பிக்கிறது.

டிராக்டர் சுமையானபோது

டிராக்டரின் வரலாறும் இங்கே வந்து இணைகிறது. ஃபோர்டுசன் டிராக்டர் 1917-இல் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. அக்காலத்து டிராக்டர்களுக்குப் பல் வைத்த இரும்புச் சக்கரங்கள். அவை தார்ச் சாலையைப் பெயர்த்துவிடும். 1932-இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சாமர்ஸ் நிறுவனம் காற்றடைத்த ரப்பர் டயருடன் டிராக்டரை விற்கத் தொடங்கியது. அதன்பின் டிராக்டர்கள் தாமே சாலையில் ஓட முடிந்தது. ஆனாலும் நீண்ட தொலைவு போக அவற்றின் வேகம் போதாது. டயரும் எரிபொருளும் வீணாகும். ஆகவே அவை டிரெய்லரில் ஏறின. காற்றடைத்த டயர் இங்கே ஒரு புதிய சிக்கலையும் கொண்டுவந்தது. டிரெய்லர் குலுங்கும்போது அது பந்துபோல் அமுங்கி எழுகிறது. கட்டிய சங்கிலி ஒரு கணம் தளர்கிறது, மறுகணம் சுண்டி இழுக்கப்படுகிறது.

இப்போது ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிராக்டரின் எடை 2,000 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 2 மீட்டர். எடைமேடையில் முன்சக்கரங்களை மட்டும் நிறுத்தினால் 700 கிலோ காட்டுகிறது. அப்படியானால் ஈர்ப்பு மையம் எங்கே? பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொள்ளுங்கள். 700-ஐ 2-ஆல் பெருக்கி 2,000-ஆல் வகுத்தால் 0.7 வருகிறது. ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 0.7 மீட்டர் முன்னால் உள்ளது. கண்ணுக்குத் தெரியும் நடுப்பகுதியோ பின் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் இருக்கிறது. ஆகவே டிராக்டரின் நடுப்பகுதியைக் கண்ணால் அளந்து நிறுத்துபவர், தொடக்கத்திலேயே 30 சென்டிமீட்டர் தவறுகிறார்.

டிரெய்லர் ஒற்றை அச்சுடையது. எடை 500 கிலோ. வெற்று டிரெய்லர் அச்சின்மேல் சமமாக நிற்பதாகக் கொள்வோம். கொக்கியிலிருந்து அச்சு 4 மீட்டர் தொலைவில் உள்ளது. மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை கொக்கியில் அமர வேண்டும் என்பது அமெரிக்காவில் வழங்கும் பொது விதி. இலகுவான வீட்டு வண்டிகளை இழுக்கும் பிரிட்டனில் 5 முதல் 7 விழுக்காடு போதும் என்பார்கள். நாம் முதல் விதியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 2,500 கிலோ. எனவே கொக்கிப் பாரம் 250 முதல் 375 கிலோ வரை இருக்கலாம்.

டிராக்டரின் ஈர்ப்பு மையம் டிரெய்லர் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் இருந்தால், கொக்கிப் பாரம் 2,000-ஐ 0.5-ஆல் பெருக்கி 4-ஆல் வகுக்க வருவது. அதாவது 250 கிலோ. 375 கிலோ வேண்டுமானால் ஈர்ப்பு மையம் 0.75 மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். கவனியுங்கள்: நமக்குக் கிடைத்த இடம் 25 சென்டிமீட்டர் அகலமே. அதற்குள் ஈர்ப்பு மையம் நின்றாக வேண்டும்.

டிராக்டர் அந்த முன்னெல்லையிலிருந்து 0.75 மீட்டர் பின்னால் நின்றால் கொக்கிப் பாரம் சுழியாகிறது. இன்னும் கால் மீட்டர் பின்னால் போனால், டிரெய்லர் கொக்கியை 125 கிலோ விசையுடன் மேல்நோக்கித் தூக்குகிறது. பூட்டாங்கயிறு இறுகும் நிலை இது. மாறாக, ஈர்ப்பு மையம் 1.2 மீட்டர் முன்னால் போய்விட்டால் கொக்கியில் 600 கிலோ அமர்கிறது. இழுக்கும் வண்டியின் முன்சக்கரங்கள் எடை இழக்கின்றன. திருப்பினால் வண்டி சரியாகத் திரும்பாது. முன் பிரேக்கும் நன்றாகப் பிடிக்காது.

இன்னொன்று. அதே டிராக்டரின் பின்னால் 400 கிலோ எடையுள்ள கருவி ஒன்று, பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் தொங்குகிறது என்று கொள்ளுங்கள். மீண்டும் திருப்புத்திறன்களைக் கூட்டிப் பார்த்தால் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 0.42 மீட்டர் முன்னால் வந்துவிடும். அதாவது 28 சென்டிமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. நமக்கு அனுமதிக்கப்பட்ட அகலமே 25 சென்டிமீட்டர்தான். நேற்று கருவி இல்லாமல் ஏற்றிய அதே அடையாளத்தில் இன்று கருவியோடு ஏற்றினால் கணக்கு தவறிவிடும்.

வாலாட்டும் டிரெய்லர்

பின்பாரத்தால் மாட்டு வண்டியில் மாட்டுக்குத் துன்பம். மோட்டார் வேகத்தில் அது உயிருக்கே ஆபத்தாவது ஏன்?

டிரெய்லர் கொக்கியை மையமாகக் கொண்டு இடமும் வலமும் திரும்பக்கூடியது. பக்கக்காற்றோ, முந்திச் செல்லும் பேருந்தின் காற்று வீச்சோ அதைச் சற்று விலக்கினால், டயர்கள் தரையைப் பற்றி அதை நேருக்குத் திருப்புகின்றன. நேருக்கு வந்தபின்னும் அது நிற்பதில்லை. நிலைமத்தால் மறுபக்கம் போகிறது. இது ஊசலைப் போன்ற ஓர் அலைவு. ஊசலின் அலைவைக் காற்று தணிப்பதுபோல, இந்த அலைவை டயர்களின் பக்கவாட்டுப் பற்றுதல் தணிக்கிறது.

ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. டயரின் பக்கவாட்டு விசை, டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் செல்லும் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பொறுத்தது. டிரெய்லரின் பக்கவாட்டு அசைவால் உண்டாகும் கோணம், அந்த அசைவின் வேகத்தை முன்னோக்கு வேகத்தால் வகுப்பதால் கிடைக்கிறது. முன்னோக்கு வேகம் இரட்டித்தால் அதே அசைவுக்குக் கோணம் பாதியாகும். தணிக்கும் விசையும் பாதியாகும். எனவே மெதுவாகச் செல்லும்போது தானே அடங்கிய ஆட்டம், வேகம் கூடக்கூட அடங்க நேரமெடுக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகிறது. இதை மாறுநிலை வேகம் எனலாம்.

பின்பாரம் இந்த மாறுநிலை வேகத்தைக் கீழே கொண்டுவந்துவிடுகிறது. ஈர்ப்பு மையம் அச்சுக்குப் பின்னால் இருந்தால், அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு டிரெய்லர் ஒரு கிடைமட்ட நெம்புகோலாகிறது. பின்னால் நிறை வலப்பக்கம் வீசினால், முன்னால் கொக்கி இழுக்கும் வண்டியின் வாலை இடப்பக்கம் தள்ளுகிறது. ஆட்டம் இழுக்கும் வண்டிக்கும் தொற்றிக்கொள்கிறது. அதை வளர்க்கத் தேவையான ஆற்றல், முன்னோக்கிச் செல்லும் இயக்கத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது.

பாரத்தின் பரவலும் இங்கே மீண்டும் வருகிறது. கனத்த பொருள்களை டிரெய்லரின் முன்முனையிலும் பின்முனையிலுமாக வைத்துச் சமன் செய்தால் கொக்கிப் பாரம் சரியாகவே இருக்கலாம். ஆனால் நிலைமத் திருப்புத்திறன் மிகுந்துவிடும். ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். ஆகவே கனமானவை அச்சுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதனை டிரெய்லர் ஒன்றைக் கொண்டு செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வும், கொக்கிப் பாரம், நிலைமத் திருப்புத்திறன், அச்சின் இடம் ஆகியவையே நிலைத்தன்மையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று காட்டியது.

ஆட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? வேகத்தைக் கூட்டி டிரெய்லரை நேராக்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். மேலே கண்ட காரணத்தால் அது நெருப்பில் நெய் வார்ப்பதாகும். திடீரென்று பிரேக் போடுவதும் ஆபத்து. இழுக்கும் வண்டி வேகம் குறைய, பின்னாலிருக்கும் நிறை முன்னோக்கித் தள்ள, இரண்டும் மடக்குக் கத்திபோல் மடியும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இருந்தால் அதை மட்டும் மென்மையாகப் பயன்படுத்தலாம். அது டிரெய்லரைப் பின்னோக்கி இழுத்து நேராக்கும்.

உயரமும் சங்கிலியும்

இதுவரை முன்பின்னாகப் பார்த்தோம். மேல்கீழாகவும் பார்க்க வேண்டும். டிராக்டரின் ஈர்ப்பு மையம் அதன் சக்கரத் தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். டிரெய்லரின் தளம் 1 மீட்டர் உயரமானால், சாலையிலிருந்து மொத்த உயரம் 2 மீட்டர். இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் இடைத்தூரம் 1.8 மீட்டர் என்றால், 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்திலேயே டிரெய்லர் கவிழும் எல்லைக்கு வந்துவிடும். தளத்தை அரை மீட்டருக்குத் தாழ்த்தினால் அந்த எல்லை 55 கிலோமீட்டராகிறது. டயரும் வில்பட்டையும் சாய்ந்து கொடுப்பதால் உண்மையான எல்லைகள் இவற்றைவிடக் குறைவு. கனரக டிரெய்லர்களின் தளம் அன்னத்தின் கழுத்தைப்போல் முன்னால் வளைந்து தாழ்ந்திருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

கடைசியாக, சரியான இடத்தில் நிறுத்திய பாரம் அங்கேயே நிற்கவும் வேண்டும். சாலை விதிகளை வகுத்தவர்கள் இதை எண்களாகவே எழுதியுள்ளனர். அமெரிக்க விதிப்படி, கட்டு முன்னோக்கி ஈர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கையும், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் 0.5 பங்கையும் தாங்க வேண்டும். நம் 2,000 கிலோ டிராக்டர் கடும் பிரேக்கில் 1,600 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் முன்னால் பாயும் என்பதே இதன் பொருள். 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோ, அல்லது அதற்கு மேற்பட்ட இயந்திரங்களுக்குக் குறைந்தது நான்கு கட்டுகள் வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. நான்கு மூலைகளிலும் கட்டுவது நல்லது என்பதற்குக் காரணம் எளிது: ஒரு சங்கிலி ஒரு திசையில் மட்டுமே இழுக்கும், அது எதையும் தள்ளாது.

கொக்கியே அறுந்தால் என்ன செய்வது? இதற்கும் ஒரு பழைய விடை உண்டு. ரயில் வண்டிக்குக் காற்று பிரேக்கை 1869-இல் கண்டுபிடித்த ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ், 1872-இல் அதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். குழாய் அறுந்து அழுத்தம் குறைந்தால் பிரேக் தானே பிடிக்கும். காற்று பிரேக் கொண்ட கனரக டிரெய்லர்களைக் காப்பதும் இதே கொள்கைதான்.

இடிப்பாறையை நகர்த்தப் பேரரசின் கருவூலமும் நூற்றுக்கணக்கான தொழிலாளரும் தேவைப்பட்டனர். இன்று ஒரு லாரி ஓட்டுநரும் உதவியாளரும் சேர்ந்து ஒரு டிராக்டரைக் கால் மணி நேரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். வேலை எளிதானதே ஆபத்தாகவும் ஆகலாம். ஏனெனில் பாறையைச் சுற்றி நின்று கணக்கிட்டவர்கள் இப்போது இல்லை. அந்தக் கணக்கை ஏற்றுபவரே செய்தாக வேண்டும். வகுப்பில் இதைக் கொடுத்தால் மாணவர்கள் இரண்டு நிமிடத்தில் விடை காண்கிறார்கள். ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர் யாரேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவரோடு ஒரு நாள் எடைமேடைக்குச் செல்லுங்கள். கருவியோடு ஒரு முறை, கருவி இல்லாமல் ஒரு முறை முன்சக்கரங்களை நிறுத்தி எடை பாருங்கள். ஈர்ப்பு மையம் வரும் இரண்டு இடங்களையும் டிராக்டரின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டால் குறித்துக் கொடுங்கள். அடுத்த முறை அதை டிரெய்லரில் ஏற்றுபவருக்குக் கண்ணால் அளக்க வேண்டிய அவசியம் இருக்காது.